குடிலுக்குள் மழை பெய்யாது: வாசகர் கேள்வி – பதில்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் பசுமைக்குடில் வைத்திருப்பவர்களிடமிருந்து கடிதங்கள் கூடிவிடுகின்றன. இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் பூச்சியும் சிலந்தியும்தான். அதனால் மல்லாட்டை, கத்தரி கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, இந்த முறை முழுவதையும் குடிலுக்கே கொடுக்கிறேன். தூக்கணாம்பாக்கம் பக்கம் 25 செண்டில் குடில் போட்டு ஒன்பது வருடமாக சாலட் வெள்ளரி நட்டு வருகிறேன். பக்கத்திலேயே ஒரு சிறிய நிழல்வலையில் மிளகாய், தக்காளி நாற்று விடுகிறேன். கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்த இரண்டுக்குள்ளும் நின்று பார்த்தது.

கேள்வி: அம்மா, 1,000 சதுர மீட்டர் குடிலில் சாலட் வெள்ளரி நட்டு 35 நாள் ஆகிறது. அடி இலைகளில் உப்பைத் தூவினது போல வெளிர்ப் புள்ளிகள் வந்தன. உரக்கடையில் காட்டினேன், வெள்ளை ஈ என்று சொல்லி இமிடாகுளோபிரிட் கொடுத்தார்கள். இரண்டு தடவை அடித்தும் நிற்கவில்லை. இப்போது இலைக்கு இலை நூலாம்படை போலக் கட்டியிருக்கிறது. அடுத்து எந்த மருந்து அடிக்கலாம்?
– வாசகர், பாகூர்

தம்பி, மருந்துக்கு முன்னால் ஒரு வேலை. காலையில் குடிலுக்குள் போகும்போது ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி விழுந்த இலையைத் தாளுக்கு மேலே பிடித்து நான்கு தட்டு தட்டுங்கள். தூசி விழும். அந்தத் தூசியை அரை நிமிடம் அசையாமல் பாருங்கள். அதில் சில தூசிகள் நடக்கத் தொடங்கும். அப்படி நடப்பதை விரலால் இழுத்தால் தாளில் செம்பழுப்பாக ஒரு கோடு விழும். பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சள் கலந்த பச்சை உடம்பில் இரண்டு பக்கமும் கருந்திட்டு, எட்டுக் கால், நூல்களுக்கு நடுவே முத்து மாதிரி உருண்டையாக முட்டை. இது இரட்டைப்புள்ளிச் செஞ்சிலந்தி, செடியின் சாற்றை உறிஞ்சும் ‘மைட்’. நீங்கள் எழுதியிருக்கும் நூலாம்படையை வைத்தே சொல்லிவிடலாம், வெள்ளை ஈ அப்படி நூல் கட்டாது.

சிலந்தி பூச்சி இனமே இல்லை. சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கான இமிடாகுளோபிரிட் அதற்கு வேலை செய்யாது. வேலை செய்யாமல் போவதோடு நின்றாலும் பரவாயில்லை. சிலந்தியைத் தின்ன வரும் சின்னச் சின்ன உயிர்களை அது கொன்றுவிடுகிறது. அந்த மருந்து பட்ட பெண் சிலந்தி வழக்கத்தைவிட அதிகமாக முட்டையிடுவதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். பைரித்திராய்டு மருந்துகளிலும் இதே வம்பு உண்டு. உங்களுக்கு இரண்டாவது அடிக்குப் பிறகு அதிகமானதற்குக் காரணம் இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

நானும் இந்த இடத்தில் அடிபட்டவள். நான்காவது வருடம், சித்திரையில், தெற்குப் பக்க ஓரச் சாலில் பத்துப் பன்னிரண்டு செடிகள் வெளுத்தன. மெக்னீசியம் பற்றாக்குறை என்று நானே முடிவு செய்து, சொட்டுநீரில் மெக்னீசியம் சல்பேட் விட்டுக்கொண்டிருந்தேன். பத்து நாள். வேலியை ஒட்டி அடுத்தவர் கொல்லையில் மரவள்ளி வெயிலில் வாடி நின்றது. மரவள்ளியும் செஞ்சிலந்திக்குப் பிடித்த பயிர். அங்கே இலை காய்ந்ததும் காற்றோடு இங்கே வந்திறங்கியிருக்கிறது. பதினோராவது நாள் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தபோது குடிலில் பாதிக்குப் பரவியிருந்தது. அந்தப் பயிரில் போட்ட காசு திரும்பவில்லை. இன்றைக்கும் அந்தப் பத்து நாளை நினைத்தால் மனசு ஆறுவதில்லை. அன்றிலிருந்து லென்ஸ் குடில் கதவோரம் ஆணியில் தொங்குகிறது. வாரம் இரண்டு நாள், ஓரச் சாலிலிருந்து தொடங்கி, சாலுக்கு ஐந்து செடி, செடிக்கு மூன்று இலை திருப்பிப் பார்க்காமல் வேறு வேலை தொடுவதில்லை.

வெளிக் கொல்லையில் ஒரு நல்ல மழை அடித்தால் சிலந்தியில் பெரும் பங்கு கழுவிக்கொண்டு போகும். மிச்சத்தை அரிசி மணியைவிடச் சின்னதாக இருக்கும் கருப்புப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும். குடிலில் மழையை பாலிதீன் நிறுத்திவிட்டது, வண்டை வலை நிறுத்திவிட்டது. உள்ளே காய்ந்த சூடு. அந்தச் சூட்டில் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிடும் சிலந்தியாகிவிடும். ஒரு பெண் சிலந்தி தன் ஆயுளில் நூறு முட்டை வரை இடும். ஆண் சேராமலே இட்டால் அத்தனையும் ஆணாகப் பொரியும். பிறகு அதிலிருந்தே குடும்பம் பெருகும். ஒன்றே ஒன்று உங்கள் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தாலும் போதும் என்பது இதனால்தான். ஆக, மழையும் வண்டும் செய்யும் வேலையை நாம்தான் செய்தாக வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது. நூல் கட்டிய அடி இலைகளைக் காம்போடு வெட்டி, அங்கேயே சாக்குப் பைக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள். கையில் தூக்கிக்கொண்டு நடுச்சாலில் நடக்காதீர்கள், வழியெல்லாம் விதைத்ததாகிவிடும். ரொம்ப மோசமான செடிகளை மனசைக் கல்லாக்கிக்கொண்டு பிடுங்கிவிடுங்கள். அப்புறம் வெறும் தண்ணீர். பவர் ஸ்பிரேயரின் நாசிலை மேலே திருப்பி, இலையின் அடியில் படும்படி, மூன்று நாள் தொடர்ந்து அடியுங்கள். காலை எட்டு மணிக்குள் முடித்துவிட்டால் பத்து மணிக்கு இலை காய்ந்துவிடும். மாலையில் அடித்தால் இரவெல்லாம் ஈரம் நின்று அடிச்சாம்பல் என்ற பூஞ்சாண நோய் வந்து சேரும். சிலந்தி கண்ட சாலில் கடைசியாக வேலை செய்யுங்கள். அங்கே நின்றுவிட்டு நல்ல சாலுக்குப் போக வேண்டாம்.

தண்ணீர் மட்டும் உங்கள் நிலைமைக்குப் போதாது, நூல் கட்டும் அளவுக்கு வந்துவிட்டது. சிலந்திக்கென்றே உள்ள மருந்து தேவைப்படும். அதிலும் ஒரு விவரம் இருக்கிறது. ஹெக்ஸிதயாசாக்ஸ் முட்டையையும் குஞ்சையும் கொல்லும், வளர்ந்ததைக் கொல்லாது. புரோபர்கைட் நடமாடுவதைக் கொல்லும், முட்டையிடம் அவ்வளவாகப் பலிக்காது. ஸ்பைரோமெசிஃபென் முட்டையிலும் குஞ்சிலும் நன்றாக வேலை செய்யும், ஆனால் பலன் தெரியச் சில நாள் ஆகும்; மறுநாளே சாகவில்லை என்று இன்னொன்றை அடிக்கக் கூடாது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் தாங்கிப் பிழைத்தவற்றின் வாரிசுதான் மிஞ்சும், இரண்டாவது முறைக்கு வேறு வகைக்கு மாறுங்கள். இவற்றில் பல மிளகாய்க்கும் கத்தரிக்கும் பதிவானவை. வெள்ளரி உங்கள் டப்பாவின் லேபிளில் இருக்கிறதா, அறுவடைக்கு எத்தனை நாள் இடைவெளி என்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்குப் பக்கம்தான், ஒரு இலையைப் பையில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுவிடுங்கள்.

சாலட் வெள்ளரியை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிறோம், பச்சையாகவே தின்கிறார்கள். அதனால் அடிக்கிற அன்று காலையில் பெரிய பிஞ்சு வரை பறித்து விற்றுவிடுங்கள். இடைவெளி நாட்களில் முற்றுவதைப் பறித்துக் குழியில் போடுங்கள். நஷ்டம்தான். ஆனாலும் அந்தக் காயை ஒரு பிள்ளை கடித்துத் தின்னும் என்பதை நினைத்தால் வேறு வழி இல்லை.

கேள்வி: 40 மெஷ் வலை, இரட்டைக் கதவு, எல்லாம் இருக்கிறது. ஆனாலும் தை மாதத்திலிருந்து தக்காளியில் வெள்ளை ஈ. 50 மெஷ்ஷுக்கு மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

மாற்றுவதற்கு முன்னால் பழைய வலையைச் சுற்றி ஒரு நடை நடந்து வாருங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது உங்களுக்கும் நினைவிருக்கும். அதற்கு அடுத்த தை மாதம் என் குடிலிலும் வெள்ளை ஈ வந்தது. தேடியபோது, வடமேற்கு மூலையில் வலையைக் குழாயோடு பிடிக்கும் ஸ்பிரிங் ஒரு முழ நீளத்துக்குக் கழன்று, காற்றடிக்கும்போது மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நின்று பார்த்தால் மூடித்தான் இருக்கும். மத்தியானக் காற்றில்தான் அது தெரிந்தது. வலையின் கீழ் ஓரம் மண்ணுக்குள் ஒரு சாண் புதைந்திருக்கிறதா, எலி கடித்த ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரட்டைக் கதவில் ஒரு கதவு சாத்திய பிறகுதான் மறு கதவு திறக்க வேண்டும். வேலை மும்முரத்தில், காய்க்கூடையைக் கடத்தும்போது, இரண்டையும் கல் வைத்துத் திறந்து போட்டுவிடுவது எல்லாக் குடிலிலும் நடக்கிறது. நாங்கள் நடுவில் இருக்கும் சின்ன அறையில் கூடையை வைத்துவிட்டு, உள்ளே இருப்பவர் வெளியேறும் வரை வெளியில் இருப்பவர் காத்திருக்கப் பழகிக்கொண்டோம். அந்த அறையிலேயே பூச்சி ஒட்டிக்கொள்ளும் பசை தடவிய அட்டை, மஞ்சள் ஒட்டட்டை, ஒன்று தொங்குகிறது. வேலைக்கு வரும் அக்காமார்களிடம் மஞ்சள் புடவை, மஞ்சள் நைட்டியைக் குடிலுக்குத் தவிர்க்கச் சொல்லுங்கள். வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் மஞ்சள் என்றால் பாய்ந்து வரும் குணம்; துணியில் உட்கார்ந்தே உள்ளே வந்துவிடும்.

நாற்று எங்கே வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. வெளியில் வாங்கிய குழித்தட்டு நாற்றில் இலையடியில் வெள்ளை ஈயின் குஞ்சு செதில் மாதிரி ஒட்டிக்கொண்டே வரும், பறக்காததால் கண்ணில் படாது. இறக்குமுன் ஒவ்வொரு தட்டிலும் நான்கைந்து நாற்றை லென்ஸில் பாருங்கள்.

வலை மாற்றுவதைப் பற்றி: இன்ச்சுக்கு 40 கண் என்பது நம் கடலோரத்துக்கு ஓரளவு ஒத்துப்போகிற கணக்கு. கண் சிறுத்தால் பூச்சி குறையும், காற்றும் குறையும். கடல் ஈரம், அக்னி நட்சத்திர வெயில் இரண்டும் சேர்ந்த நம்மூரில் காற்று நின்றால் தக்காளிப் பூ உதிரும். பக்கவாட்டில் மட்டும் 50 போட்டு, கூரைத் திறப்பின் அகலம் கூட்ட முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் இருப்பதை ஒழுங்காகத் தைத்து வையுங்கள், அதுவே போதும். குடிலைச் சுற்றி ஆறடிக்குத் துத்தி, ஆமணக்கு, பார்த்தீனியம் எதுவும் நிற்க வேண்டாம். வெள்ளை ஈ வளர்வதே அவற்றில்தான். பூ அழகுக்கென்று கதவோரம் துலுக்கச் சாமந்தி நடுகிறார்கள், அதில் செஞ்சிலந்தி நன்றாகக் குடியிருக்கும். நான் பிடுங்கிவிட்டேன்.

கேள்வி: மஞ்சள் ஒட்டட்டை எத்தனை கட்டினால் பூச்சி ஒழியும்?
– வாசகர், குறிஞ்சிப்பாடி

ஒழியாது. அட்டை நமக்குத் தகவல் சொல்வதற்கு. என் 25 செண்டில் பத்து மஞ்சள், இலைப்பேனுக்கு (த்ரிப்ஸ்) நான்கு நீலம். கொழுந்துக்கு ஒரு சாண் மேலே கட்டி, செடி வளர வளர ஏற்றுகிறேன். சனிக்கிழமைதோறும் எண்ணி, கதவிலுள்ள காலண்டரில் குறிக்கிறேன். எண்ணிக்கை போன வாரத்தைவிட ஏறினால் அந்த அட்டைக்குப் பக்கத்துச் செடிகளில்தான் வேலை தொடங்கும். செஞ்சிலந்திக்கு இறக்கை இல்லை. அட்டை சுத்தமாக இருக்கிறது என்று அதில் ஏமாந்துவிடாதீர்கள்.

கேள்வி: அக்கா, நிழல்வலையில் மிளகாய் நட்டிருக்கிறேன். கொழுந்து சுருளுகிறது. முரணை என்று ஒருவர், வைரஸ் என்று ஒருவர், இலைப்பேன் என்று ஒருவர் சொல்கிறார்கள். யாரை நம்புவது?
– வாசகி, திருக்கனூர்

மூன்று பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம் அம்மா, ஒரே வலைக்குள் மூன்றையும் நான் பார்த்திருக்கிறேன். இலை எந்தப் பக்கம் சுருளுகிறது என்பதுதான் முதல் தடயம்.

ஓரங்கள் மேல்நோக்கி மடங்கி, தோணி போல நின்றால் இலைப்பேன். அடியில் வெள்ளி பூசினது போலச் சுரண்டல் தெரியும், மிளகுத்தூள் மாதிரி அதன் கழிவு ஒட்டியிருக்கும். பூவைப் பறித்து உள்ளங்கையில் தட்டினால் மெல்லிய நூல் துண்டு மாதிரி ஓடும். கருப்பாக, பூவுக்குள் கூட்டமாக இருந்தால் அது 2015இல் முதலில் பெங்களூருவில் பப்பாளியில் பதிவான, 2021–22இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாயை உலுக்கிய வகையாக இருக்கலாம். உடனே பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்திலோ உங்கள் வேளாண் அலுவலரிடமோ காட்டுங்கள்.

ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கி, தோணியைக் கவிழ்த்தது போல, இலை குறுகித் தடித்து, காம்பு நீண்டு நின்றால் மஞ்சள் முரணைச் சிலந்தி. செஞ்சிலந்தியைவிடச் சின்னது, வெறும் கண்ணுக்குத் தெரியாது, நூலும் கட்டாது. கொழுந்திலேயே குடியிருக்கும், அடி இலையில் தேடினால் கிடைக்காது. இது வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு செடிக்குச் செடி போகும். இதைப் படித்த அன்றுதான், என் வலையில் வெள்ளை ஈ கூடிய ஒவ்வொரு முறையும் இரண்டு வாரத்தில் கொழுந்து கவிழ்ந்ததன் காரணம் புரிந்தது.

இரண்டிலும் சேராமல், இலை மேல்நோக்கிச் சுருண்டு, நரம்பு புடைத்து, கணு கணுவாகக் குட்டையாகி, செடி முழுவதும் முடங்கினால் வெள்ளை ஈ கொண்டுவந்த இலைச்சுருட்டை வைரஸ். அதற்கு மருந்தே கிடையாது. பையால் மூடிப் பிடுங்குங்கள். மற்ற இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. கலந்து அடிக்கத் தேவையில்லை. மருந்து பலித்திருந்தால் பழைய சுருண்ட இலை விரியாது, புதிதாக வரும் கொழுந்துதான் நேராக வரும். அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: இயற்கை முறை என்று வேப்பெண்ணெயும் கந்தகமும் அடுத்தடுத்த நாளில் அடித்தேன். வெள்ளரி இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. எண்ணெய் கலப்படமா?
– வாசகர், பண்ருட்டி

எண்ணெய் மீது சந்தேகப்பட வேண்டாம். எண்ணெயும் கந்தகமும் ஒன்றோடொன்று சேர்ந்தால் இலையைச் சுடும். இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரமாவது விட வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் கந்தகம் தனியாகவே சுடும். பங்குனியில் குடிலுக்குள் காலை ஒன்பதரைக்கே அந்தச் சூடு வந்துவிடுகிறது. வெள்ளரி, முலாம் குடும்பத்தில் சில ரகங்களுக்குக் கந்தகமே ஆகாது. எதையும் முதலில் ஐந்து செடியில் அடித்து, இரண்டு நாள் பொறுங்கள்.

உங்கள் தண்ணீரையும் பாருங்கள். கடலூர்க் கரையோரம் பல போர்வெல்லில் உப்பும் கடினமும் ஏறிவிட்டது. அந்தத் தண்ணீரில் சோப்பு திரிந்துபோகும், எண்ணெய் கரையாமல் மேலே மிதக்கும். டேங்கில் முதல் பாதி வெறும் தண்ணீராகவும் கடைசிச் சாலுக்கு எண்ணெயாகவும் விழும். கடைசிச் சால்தான் அதிகம் கருகியதா என்று பாருங்கள். நான் குடில் கூரையிலிருந்து விழும் மழைத் தண்ணீரை இரண்டு டிரம்மில் பிடித்து வைத்து மருந்துக்கு மட்டும் எடுக்கிறேன். எண்ணெயில் காதி சோப்புக் கரைசலை முதலில் ஊற்றிப் பால் மாதிரி வரும் வரை அடித்துவிட்டுத்தான் தண்ணீர் சேர்ப்பேன். வெளிக் கொல்லைக்கு லிட்டருக்கு 30 மில்லி வரை பரிந்துரைக்கிறார்கள். குடிலுக்குள் நான் 10 மில்லியைத் தாண்டுவதில்லை, அதுவும் சூரியன் சாய்ந்த பிறகு.

கேள்வி: நன்மை செய்யும் பூச்சி, பூஞ்சாணம் எல்லாம் குடிலில் பலிக்குமா?
– வாசகர், வடலூர்

பூஞ்சாணம் ஈரம் இருந்தால் பலிக்கும். கார்த்திகையிலிருந்து தை வரை வெர்டிசிலியம் லெகானி என்ற பூஞ்சாணம் லிட்டருக்கு 5 கிராம், மாலையில், வாரம் ஒரு முறை என்று அடித்ததில் எனக்கு வெள்ளை ஈ கட்டுக்குள் இருந்தது. சித்திரையில் அதே மருந்து வீண். முன்னும் பின்னும் ஒரு வாரத்துக்குப் பூசணக்கொல்லி படக் கூடாது. பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை அட்டை கிடைத்தால் அசுவினிக்கு நல்லது. சிலந்தியைத் தின்னும் சிலந்தி வெளிநாட்டுக் குடில்களில் பெரிய துணை. இங்கே வாங்கிப் போடுமளவுக்கு எனக்கு இன்னும் கைக்கு வரவில்லை.

கேள்வி: இந்தப் பயிர் போகட்டும், அடுத்ததையாவது காப்பாற்ற வேண்டும். பயிர் முடிந்ததும் குடிலை எப்படிச் சுத்தம் செய்வது?
– வாசகர், ரெட்டிச்சாவடி

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி, இதைக் கேட்பவர்கள் குறைவு. கடைசிப் பறிப்பு முடிந்த அன்றே செடியை அறுத்து வெளியே இழுக்காதீர்கள். தூரை வெட்டிவிட்டு, பக்கத் திரைகளை இறக்கி, ஐந்தாறு நாள் அப்படியே காய விடுங்கள். மூடிய குடிலின் வைகாசிச் சூட்டில் வெள்ளை ஈயும் சிலந்தியும் பெரும்பாலும் உள்ளேயே முடிந்துவிடும். பச்சையாக இழுத்துப் போட்டால் பக்கத்துக் கொல்லைக்குப் போய், நீங்கள் நடும்போது திரும்பி வரும்.

காய்ந்ததை அள்ளிய பிறகு மூன்று வாரம் உள்ளே ஒரு பச்சை இலை இருக்கக் கூடாது. சொட்டுநீர்க் குழாயோரம் முளைக்கும் குப்பைக்கீரைகூட. பாத்தியை நனைத்து, மெல்லிய கண்ணாடி நிற பாலிதீனால் மூடி, ஓரத்தில் மண் அணைத்து நான்கிலிருந்து ஆறு வாரம் வெயிலில் விட்டால், மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருக்கும் இலைப்பேனும் சாகும், நூற்புழுவும் குறையும். கருப்பு ஷீட் போட்டால் அந்தச் சூடு மண்ணுக்குள் இறங்காது.

அப்புறம் கயிறு. கொடி கட்டிய நைலான் கயிறை உதறி, சுருட்டி, அடுத்த பயிருக்கென்று மூலையில் வைக்கிறோம். அதன் முறுக்குகளுக்குள்ளும் பிளாஸ்டிக் கிளிப்பின் இடுக்கிலும் சிலந்தி உயிரோடு இருக்கும். போன வருடம் நான் எடுத்து வைத்திருந்த ஒரு சுருளை வெள்ளைத் தாளில் தட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு எண்ணினேன். கிளிப்பைக் கொதிநீரில் போட்டு எடுங்கள். கயிறை எரித்துவிடாமல் மூட்டையாகக் கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, புதுக் கயிறு வாங்குங்கள்.